ஒளிக்கும் உண்டு ஓர் அளவு

புனேயிலிருந்து நாசிக் செல்லும் நெடுஞ்சாலையில் வடக்கே சுமார் 80 கிலோமீட்டர் பிரயாணம் செய்தால் நாராயண்காவ் என்னும் ஊர் வரும். அங்கிருந்து கிழக்கே திரும்பி, திராட்சைத் தோட்டங்களையும் தக்காளி வயல்களையும் கடந்து சென்றால் கோடத் என்னும் சிற்றூர். ஊரை நெருங்கும்போதே ஓர் அபூர்வக் காட்சி கண்ணில் படும். கம்பி வலையால் வேய்ந்த பெருங்கிண்ணங்கள் வானை நோக்கி வாய் திறந்து நிற்கும். ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டமுடையது. மொத்தம் 30 கிண்ணங்கள்.

இதுதான் ராட்சத மீட்டரலை ரேடியோ தொலைநோக்கி. இதனை நடத்திவரும் ரேடியோ வானியற்பியல் தேசிய மையம் எங்கோ தொலைவில் இல்லை. நம் பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே, கணேஷ்கிண்டில் இருக்கிறது. இத்தொலைநோக்கியை உருவாக்குவதில் முன்னின்றவர் கோவிந்த் ஸ்வரூப் (1929–2020). கோடத்துக்கு முன்பே, 1970-இல், நம் உதகமண்டலத்தருகே முத்தொரை மலைச்சரிவில் 530 மீட்டர் நீளமுள்ள தொலைநோக்கி ஒன்றை எழுப்பியவரும் அவரே. ஆகவே தமிழ் மாணவர்களுக்குக் கோடத் அந்நிய ஊர் அன்று. ஊட்டியின் தங்கை எனலாம்.

எனினும் இக்கட்டுரை வானத்தைப் பற்றியதன்று. அந்தக் கிண்ணங்களை நடு நிலையத்தோடு இணைக்கும் கண்ணாடி இழையைப் பற்றியது. அத்தகைய இழையின் முனையில் அமர்ந்து, ஒளியை அனுப்பியும் வாங்கியும் வேலை செய்யும் கருவியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதைப் பற்றியது. அதைத் தவறாகத் தேர்ந்தெடுத்து நான் பட்ட பாட்டையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

செம்பு ஏன் போதாது?

கோடத்தில் 14 கிண்ணங்கள் சுமார் ஒரு சதுர கிலோமீட்டருக்குள் நெருங்கி நிற்கின்றன. எஞ்சிய 16 கிண்ணங்கள் மூன்று கைகளாகப் பிரிந்து, ஒவ்வொரு கையும் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளும்படி நிறுத்தப்பட்டுள்ளன. ஒரு கோடியிலிருந்து மறு கோடி 25 கிலோமீட்டர். இத்தனை கிண்ணங்களும் கேட்பதை ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்த்தால்தான் அவை ஒரே கண்ணாக வேலை செய்யும்.

இதற்குச் செம்புக் கம்பி உதவாதா? இரண்டு இடையூறுகள் உண்டு. முதலாவது, உயர்ந்த அதிர்வெண் கொண்ட சமிக்ஞை செம்பில் விரைவில் தேய்ந்துபோகும். இரண்டாவது, நீண்ட செம்புக் கம்பி தானே ஓர் ஏரியலாகிவிடும். சுற்றிலும் உள்ள ரேடியோ இரைச்சலையெல்லாம் வாங்கிக்கொள்ளும். விண்ணிலிருந்து வரும் மெல்லிய ஒலியைக் கேட்க முயலுபவனுக்குப் பக்கத்தில் பறைமேளம் கொட்டினால் எப்படி? கண்ணாடிக்கு இந்தக் குறை இல்லை. அது ரேடியோ அலையை வாங்குவதுமில்லை; வெளியிடுவதுமில்லை.

ஆனால் கண்ணாடிக்கும் ஒரு காலத்தில் பெருங்குறை இருந்தது. 1960-களில் கிடைத்த இழையில் ஒரு கிலோமீட்டர் செல்வதற்குள் ஒளி அநேகமாக முற்றும் மறைந்துவிடும். குற்றம் ஒளியினுடையதன்று, கண்ணாடியிலுள்ள மாசினுடையதே என்று 1966-இல் சார்ல்ஸ் காவ் என்பவர், ஹாக்கம் என்னும் சக ஆராய்ச்சியாளருடன் எழுதிய கட்டுரையில் எடுத்துக்காட்டினார். நான்கே ஆண்டுகளில் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் மாசு குறைந்த இழையைச் செய்துகாட்டிற்று. காவுக்கு 2009-இல் நோபெல் பரிசு கிடைத்தது. இன்றைய நல்ல இழையில் தக்க ஒளியைச் செலுத்தினால், 15 கிலோமீட்டர் கடந்த பிறகும் பாதி மிஞ்சியிருக்கிறது.

துபாஷியின் வேலை

நம் விடுதியிலும் நூலகத்திலும் ஆய்வுக்கூடத்திலும் உள்ள கணிப்பொறிகள் வந்து கூடும் பெட்டிக்கு ஸ்விட்ச் என்று பெயர். ஒரு கட்டிடத்து ஸ்விட்சை மற்றொரு கட்டிடத்து ஸ்விட்சோடு கண்ணாடி இழையால் இணைக்கிறார்கள். ஸ்விட்சுக்குத் தெரிந்த மொழி மின்சாரம். இழைக்குத் தெரிந்த மொழி ஒளி. இடையே ஒரு துபாஷி வேண்டுமல்லவா? நாம் புனேக்கு வந்த புதிதில் காய்கறிக் கடையில் மராத்தி தெரிந்த நண்பனை அழைத்துச் சென்றது போல! அந்தத் துபாஷியே டிரான்ஸீவர்.

ஒரு விரல் அளவே இருக்கும். ஸ்விட்சின் முகப்பிலுள்ள சதுர வாயில் செருகிவிடலாம். அதற்குள் ஒரு சிறு லேசர் மின்சாரத்தை ஒளியாக்கி அனுப்புகிறது. ஓர் ஒளியுணர்வி வரும் ஒளியை மின்சாரமாக்கித் தருகிறது. கோடத்தின் கிண்ணங்களிலிருந்து வரும் ஒளி, விண்ணலையின் ஏற்ற இறக்கத்தையே சுமந்து வருகிறது. நம் ஸ்விட்சின் ஒளியோ ஒன்று, பூஜ்யம் என்ற இரண்டே எழுத்துக்களில் பேசுகிறது. பேச்சு வேறாயினும் கண்ணாடிக்குள் ஒளி தேயும் சட்டம் இரண்டுக்கும் ஒன்றே.

நான் செய்த பிழை

சென்ற ஆண்டு ஓர் ஆய்வுக்கூடத்தில் சில மாதங்கள் பயிற்சி பெற்றேன். அங்கே இரண்டு கட்டிடங்களுக்கிடையே 600 மீட்டர் இழை போடப்பட்டிருந்தது. விநாடிக்கு 10 கிகாபிட் வேகத்தில் இணைப்புத் தர வேண்டும். டிரான்ஸீவர் வாங்கும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள். கடைக்காரர் ஒரு ஜோடியை மலிவு விலைக்குக் காட்டினார். 80 கிலோமீட்டர் வரை செல்லவல்லது என்றார். எனக்கு ஒரே மகிழ்ச்சி. 80 கிலோமீட்டர் ஓடக்கூடியவன் 600 மீட்டர் ஓடமாட்டானா?

செருகினேன். ஸ்விட்சின் விளக்கு எரிந்தது, அணைந்தது, மீண்டும் எரிந்தது. வந்த செய்திகளில் பிழை மலிந்திருந்தது. மறுநாள் காலையில் இரண்டு கருவிகளும் ஒளியை வாங்கும் சக்தியையே இழந்திருந்தன. அவ்வாண்டின் சில்லறைச் செலவுக்கென ஒதுக்கிய பணத்தில் பெரும்பகுதி அத்துடன் போயிற்று.

பணத்தைவிட எனக்கு வருத்தம் தந்தது வேறொன்று. எனக்கு இளையவளான ஒரு மாணவி, தன் பரிசோதனையின் அளவுகளை ஒரு கட்டிடத்தில் எடுத்து, மற்றக் கட்டிடத்திலுள்ள கணிப்பொறியில் கணக்கிட வேண்டியிருந்தது. ஆய்வேட்டைக் கொடுக்கும் நாள் நெருங்கிவிட்டது. புதிய கருவி வந்து சேரும்வரை ஒன்பது நாள், ஜூலை மாத மழையில், வன்தட்டைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றிக்கொண்டு அவள் இரண்டு கட்டிடங்களுக்கும் இடையே நடந்தாள். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுவே எனக்குப் பெரிய தண்டனையாயிற்று.

அங்கு ஆராய்ச்சி செய்துவந்த திருநெல்வேலி அண்ணன் ஒருவர் என்னைக் கேட்டார்:

"தம்பி, கணக்குப் போட்டாயா?"

"எந்தக் கணக்கு, அண்ணா?"

"நீ தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிள்ளைதானே? கடைமடைக்குப் போகவேண்டிய தண்ணீரையெல்லாம் மதகடியில் இருக்கிற நாற்றங்காலில் திறந்துவிட்டால் நாற்று நிற்குமா?"

அப்போதுதான் விளங்கிற்று. நெடுந்தூரக் கருவியின் லேசர் வலிமையானது. அதன் உணர்வியோ, தேய்ந்து தேய்ந்து வரும் மங்கலான ஒளியையும் அறியும்படி மிக நுட்பமாகச் செய்யப்பட்டது. 80 கிலோமீட்டர் தேய்மானத்தை எதிர்பார்த்துச் செய்த அந்த இரண்டையும் 600 மீட்டருக்குள் எதிரெதிரே நிறுத்தினேன். உணர்வி வெந்துபோயிற்று. ஒளி குறைந்தாலும் கேடு, மிகுந்தாலும் கேடு.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

முதற் கேள்வி: இழை எந்த வகை? சிங்கிள் மோடு, மல்ட்டி மோடு என இழை இரு வகைப்படும். வெளிவிட்டம் இரண்டுக்கும் 125 மைக்ரான்தான். ஒளி செல்லும் உட்கருதான் வேறு. சிங்கிள் மோடில் அது ஏறத்தாழ 9 மைக்ரான். மல்ட்டி மோடில் 50 அல்லது 62.5 மைக்ரான். அகன்ற உட்கருவில் ஒளி பல பாதைகளில் செல்லும். நேரே சென்ற கதிர் முன்னே வரும். மோதி மோதி வந்தது பின்தங்கும். தூரம் கூடக்கூட ஓர் எழுத்தின் மேல் மற்றோர் எழுத்து ஏறிவிடும். ஆகையால் 10 கிகாபிட் வேகத்தில், ஓ.எம்.3 என்னும் மல்ட்டி மோடு இழையில் 300 மீட்டரே எல்லை. சிங்கிள் மோடிலோ பல கிலோமீட்டர் செல்லலாம். பொதுவாக மஞ்சள் உறை சிங்கிள் மோடையும், ஆரஞ்சும் வெளிர் நீலப் பச்சையும் மல்ட்டி மோடையும் குறிக்கும். ஆயினும் வண்ணத்தை மட்டும் நம்பாமல், உறையின் மேல் அச்சிட்டிருப்பதைப் படிப்பதே உத்தமம்.

இரண்டாம் கேள்வி: ஒளியின் அலைநீளம் என்ன? மல்ட்டி மோடுக்குப் பெரும்பாலும் 850 நானோமீட்டர். சிங்கிள் மோடுக்கு, 10 கிலோமீட்டர் அளவான தொலைவுக்கு 1310. அதற்கும் மேற்பட்ட நெடுந்தொலைவுக்கு 1550. சாதாரணமாகப் போவதற்கு ஓர் இழை, வருவதற்கு ஓர் இழை என இரண்டு வேண்டும். ஒரே இழையில் இரு திசையிலும் பேசும் கருவிகளும் உண்டு. அவற்றில் ஒன்று 1270-இல் அனுப்பி 1330-இல் வாங்கும். மற்றொன்று 1330-இல் அனுப்பி 1270-இல் வாங்கும். இவற்றை எதிரெதிர் ஜோடியாகவே வாங்க வேண்டும். இரண்டையும் ஒரே வகையாக வாங்குவது, இரண்டும் இடக்கால் செருப்பாக வாங்கியது போலாகும்.

மூன்றாம் கேள்வி: வேகம் என்ன, வாய் எது? எஸ்.எஃப்.பி. என்பது 1 கிகாபிட் வேகத்துக்கும், எஸ்.எஃப்.பி. பிளஸ் என்பது 10 கிகாபிட் வேகத்துக்கும் உரியன. இரண்டும் உருவத்தில் ஒன்றே. வாயில் நுழைந்துவிட்டது என்பதனால் வேலை செய்யும் என்று எண்ணிவிடலாகாது. 40, 100 கிகாபிட் வேகங்களுக்குச் சற்று அகன்ற க்யூ.எஸ்.எஃப்.பி. வகைகள் இருக்கின்றன.

நான்காம் கேள்வி: ஸ்விட்ச் இதை ஏற்குமா? ஒவ்வொரு டிரான்ஸீவருக்குள்ளும் ஒரு சிறு நினைவுச் சில்லு உண்டு. அதில் தயாரிப்பாளர் பெயரும் இயல்புகளும் பொறிக்கப்பட்டிருக்கும். சில ஸ்விட்சுகள் அதைப் படித்துப் பார்த்து, வேறு நிறுவனத்தின் கருவியாயின் ஒதுக்கிவிடும். எனவே நம் ஸ்விட்சின் பெயரையும் மாதிரி எண்ணையும் சொல்லி, ஏற்காவிடில் திரும்பப் பெற்றுக்கொள்வதாக எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

இனி அந்தக் கணக்கு

ஒளி தேய்வதை டெசிபல் என்னும் அளவால் குறிப்பர். 3 டெசிபல் தேய்ந்தால் பாதி மிஞ்சும். 10 டெசிபல் தேய்ந்தால் பத்தில் ஒரு பங்கு மிஞ்சும். ஒளியின் வலிமையை டி.பி.எம். என்று குறிப்பர். 1 மில்லிவாட்டே பூஜ்யம்; அதைவிடக் குறைந்தால் கழித்தற்குறி. இதன் வசதி என்னவெனில், பெருக்க வேண்டியதையெல்லாம் கூட்டியும் கழித்தும் முடித்துவிடலாம்.

சிங்கிள் மோடு இழையில், 1310 நானோமீட்டர் ஒளி கிலோமீட்டருக்குச் சுமார் 0.35 டெசிபல் தேய்கிறது. 1550 நானோமீட்டர் ஒளி 0.2 முதல் 0.25 வரை. இழையை இணைக்கும் ஒவ்வொரு கனெக்டருக்கும் 0.5 டெசிபல் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

நம் 600 மீட்டர் இழைக்கு இழைத் தேய்வு 0.2, நான்கு கனெக்டர்களுக்கு 2. ஆக மொத்தம் 2.2 டெசிபல்.

நான் முதலில் வாங்கிய 80 கிலோமீட்டர் கருவி 0 முதல் +4 டி.பி.எம். வரை ஒளி அனுப்பும். 2.2 கழிந்தால் மறுமுனையில் −2.2 முதல் +1.8 வரை வந்து விழும். அதன் உணர்வி தாங்கக்கூடியதோ −7 வரைதான். அதாவது தாங்கும் அளவைப் போல மூன்று மடங்கு முதல் ஏழரை மடங்கு வரை! ஒரு துண்டுக் காகிதமும் ஐந்து நிமிடமும் இருந்திருந்தால் இதைக் கண்டுகொண்டிருப்பேன்.

இப்போது 10 கிலோமீட்டர் வகையைப் பார்ப்போம். நிர்ணயப்படி அதன் லேசர் குறைந்தது −8.2 டி.பி.எம். அனுப்பும், மிகுதியானது +0.5. நம் இழையின் மறுமுனையில் −10.4 முதல் −1.7 வரை கிடைக்கும். அதன் உணர்விக்குக் குறைந்தது −14.4 வேண்டும், +0.5 வரை தாங்கும். கீழெல்லைக்கு மேல் 4 டெசிபல் மிச்சம்; மேலெல்லையையும் தொடவில்லை. பிற்காலத்தில் இழை அறுந்து ஒட்டுப் போட நேர்ந்தாலும், கனெக்டரில் தூசி படிந்தாலும் அந்த மிச்சம் காப்பாற்றும். எனவே இதுவே நமக்குப் பொருத்தம்.

நெடுந்தூரக் கருவி ஒன்றுதான் கைவசம் இருக்கிறது என்றால் என் செய்வது? ஒளியை வேண்டுமளவு குறைத்து அனுப்பும் அட்டெனுவேட்டர் என்னும் சிறு துண்டைக் கனெக்டரில் மாட்டலாம். நம் உவமையில் அது மதகின் பலகை. +1.8 ஆக வரும் ஒளியை −7-க்குக் கீழே இறக்க 10 டெசிபல் அட்டெனுவேட்டர் போதும். அன்று அதைப் பற்றி நான் கேள்விப்பட்டிருக்கவில்லை.

மறுகோடியில் இருக்கும் தொல்லையையும் மறந்துவிடலாகாது. 2020-இல் சென்னைக்கும் அந்தமானுக்கும் இடையே சுமார் 2,300 கிலோமீட்டர் கடலடி இழை திறந்துவைக்கப்பட்டது. அத்தூரத்தை எந்த லேசரும் தனியே கடந்துவிட முடியாது. கடலுக்கடியில் இடையிடையே ஒளியைப் பெருக்கி அனுப்பும் கருவிகள் வேண்டும். குறைந்த ஒளிக்கு அங்கே பெருக்கி. மிகுந்த ஒளிக்கு இங்கே தணிப்பு. இரண்டையும் தீர்மானிப்பது கணக்கே.

தூசியும் கண்ணும்

கருவி வந்த பின்னும் இரண்டு எச்சரிக்கைகள். 9 மைக்ரான் உட்கருவின் வாயை அடைக்க ஒரு தூசித் துகள் போதும். ஆகவே ஒவ்வொரு முறை செருகும்போதும் கனெக்டரின் முனையை அதற்குரிய துடைப்பானால் துடைக்க வேண்டும். கழற்றினால் உடனே மூடியிட வேண்டும். பச்சைக் கனெக்டரின் முனை சாய்வாகத் தீட்டப்பட்டது. நீலத்தின் முனை அவ்வாறன்று. ஒன்றோடொன்றைச் சேர்க்கலாகாது.

இரண்டாவது, உங்கள் கண். 1310, 1550 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. இருட்டாக இருக்கிறதே என்று எண்ணி இழையின் முனைக்குள் எட்டிப் பார்ப்பது பெருந்தவறு. எவ்வளவு ஒளி வருகிறது என்பதை அளவுமானி சொல்லும். பல டிரான்ஸீவர்கள் தாமே அளந்து ஸ்விட்சின் வழியாகவும் சொல்லும்.

கோடத் தரும் பாடம்

மீண்டும் கோடத்துக்கு வருவோம். நடுவில் நெருங்கி நிற்கும் கிண்ணத்துக்கும், கையின் கோடியில் 14 கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கும் கிண்ணத்துக்கும் நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். 1310 நானோமீட்டர் ஒளி ஒரு கிலோமீட்டர் சென்றால் நூற்றில் 92 பங்கு மிஞ்சும்; 14 கிலோமீட்டர் சென்றால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மிஞ்சும். தலைமடையும் கடைமடையும் ஒரே இடத்தில் வந்து சமமாகச் சேர வேண்டுமானால், ஒவ்வொரு இழைக்கும் தனித்தனியே கணக்கு வேண்டாமா?

இன்னுமொரு சிறப்பு. பழைய கோடத் ஒரே சமயத்தில் 32 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள அலைத்தொகுதியையே கேட்க முடிந்தது. பின்னர் அதை மேம்படுத்தி 400 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்கச் செய்தார்கள். அப்போது பல்வேறு அலைநீளமுள்ள ஒளிகளை ஒரே இழையில் ஒன்றையொன்று தொடாமல் செலுத்தும் முறையைக் கையாண்டார்கள். புதுப் பாதை வெட்டுவதைவிட, இருக்கும் பாதையை நன்கு அறிந்து உபயோகிப்பது மேல் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேறென்ன வேண்டும்?

நண்பர்களே, பிப்ரவரி 28-ஆம் நாள் தேசிய விஞ்ஞான தினத்தை ஒட்டிக் கோடத்தைப் பொதுமக்கள் காண அனுமதிக்கும் வழக்கம் உண்டு. மன்றத்தின் சார்பில் ஒருமுறை சேர்ந்து போய்வருவோம். கிண்ணங்களைக் கண்டு வியப்பதோடு நின்றுவிடாமல், தரைக்கடியில் செல்லும் இழையைப் பற்றியும் கேட்போம்.

நாம் ஊரைவிட்டுப் படிக்க வந்தவர்கள். நம்மில் பலர் நாளை ஏதேனும் ஓர் ஆய்வுக்கூடத்திலோ அலுவலகத்திலோ, பிறர் பணத்தில் கருவி வாங்கும் பொறுப்பை ஏற்கத்தான் போகிறோம். விலை உயர்ந்தது நல்லது என்பார்கள். வலிமை மிகுந்தது நல்லது என்பார்கள். மலிவானதே போதும் என்றும் சொல்வார்கள். மூன்றையும் கேட்டுக்கொண்டு, ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போடுங்கள். போடாதவனுக்காக வேறொருவர் மழையில் நடக்க வேண்டியிருக்கும்.

பத்தாம் நாள் சரியான ஜோடியைச் செருகினேன். விளக்கு எரிந்தது, அணையவில்லை. அந்த மாணவி வன்தட்டை மேசையறையில் வைத்துப் பூட்டிவிட்டு, "இனிக் குடை மட்டும் எடுத்து வந்தால் போதும், அண்ணா" என்றாள்.